மிஷின் ஓடுகிறது

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் கவளை. மீன்கார அக்கா ஒருநாள் வாசலில் கூடையை இறக்கிவைத்துக் கவளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய சும்மாட்டுத் துணியை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்த குட்டி அது. துணியைத் திருப்பிக் கொடுத்தோம், குட்டி தங்கிவிட்டது. பெயர் வைத்தது நான்தான். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்தில் ளகரத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. எல்லோருக்கும் அது 'கவலை'. எதிர்வீட்டு ஆயா திண்ணையிலிருந்து, "கவலை வீட்டில் இருக்கிறதா?" என்று குரல் கொடுத்தால், தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "அது இல்லாத நாள் ஏது?" என்று அம்மா மிஷினை நிறுத்தாமலே பதில் சொல்வார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் காலையில், ஆட்டோவில் என் மடிமேல் கிடந்தபடி கவளை ஒரு சத்தம் போட்டது. புதிய சத்தம் ஒன்றுமில்லை. தினமும் கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அது என்ன சொன்னது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதை எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பூனை தொண்டைக்குள் 'குர்ர்ர்' என்று ஓயாமல் எழுப்பும் அந்த ஓசைக்குத் தமிழில் ஊரறிந்த பெயர் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாய்க்குக் குரைப்பு, குதிரைக்குக் கனைப்பு என்று வகைவகையாகப் பெயர் வைத்தவர்கள் இதை எப்படி விட்டார்களோ. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'மிஷின்'. அம்மா ஜாக்கெட் தைப்பவர். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு, ஃபால்ஸ் வைக்கவும் ஓரம் அடிக்கவும் நேராக எங்கள் சந்துக்குள் வருபவர்கள் உண்டு. மிதிக்கிற மிஷினுக்குப் பிற்காலத்தில் மோட்டார் பொருத்தினோம். கவளை வந்து மேசைமேல் படுத்துக் கண்ணைச் சொருகிக்கொண்டு ஓசை எழுப்பும்போது, எது மோட்டார் எது பூனை என்று கையை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "மிஷின் ஓடுகிறது" என்றால் எங்கள் வீட்டு அகராதியில் பூனை சந்தோஷமாக இருக்கிறது, எல்லாம் சுகம் என்று பொருள். எதிர்வீட்டு ஆயாவின் அகராதி வேறு. அது பூனைக்கு இழுப்பு, பிள்ளைகள் பக்கத்தில் படுக்க விட்டால் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பார். நாங்கள் சிரிப்போம். இரண்டு அகராதிகளில் எங்களுடையதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பூனையோடு வாழ்கிறவர்களுக்கு இந்தத் திமிர் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதன் ஒவ்வொரு சேட்டைக்கும் ஒரு பொழிப்புரை எழுதி வைத்திருப்போம். நானும் வைத்திருந்தேன். அதில் சில சரியாகவே இருந்தன என்பதுதான் வம்பு.

கண்ணை மூடினால் உலகம் இருளுமா

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும் என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்லிப் பூனையை முட்டாளாக்கி வைத்திருக்கிறோம். கவளை என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு, மெல்ல இமையைத் தாழ்த்தி, பாதி மூடி, பிறகு திறக்கும். தூக்கம் வருகிறது போலும் என்றுதான் நினைத்திருந்தேன். 2020இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மனிதர்கள் பூனையைப் பார்த்து அதே போல மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்கிறது. முன்பின் தெரியாத ஆள் அப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டினாலும் கிட்டே வரத் துணிகிறது என்று கண்டார்கள். பகை இருக்கும் இடத்தில் யாரும் கண்ணை மூட மாட்டார்கள் அல்லவா? பழமொழி சொன்னதற்கு நேர் எதிர். எதிரே இருப்பவர் யார் என்று பூனைக்கு நன்றாகத் தெரிந்திருப்பதால்தான் மூடுகிறது.

இதைப் படித்த சூட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போனபோது, ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த காது கிழிந்த கடுவன் ஒன்றைப் பார்த்து, நான் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் கூறு போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று எண்ணி, முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி என் கண்ணில் ஒற்றவே வந்துவிட்டார். முந்தானை முழுக்க மீன் செதில். அன்றோடு ஆராய்ச்சியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கையில் அரிப்பு வர, கொருக்குப்பேட்டை ரயில்வே சுவர் ஓரத்திலிருந்து குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வந்து திண்ணையில் போட்டேன். இலையை ஆய்ந்து மஞ்சளோடு அரைக்க எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால், மீதிக் கிடந்த வேரைக் கவளை கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருந்தது. கன்னத்தை அதில் தேய்த்தது, நக்கியது, மல்லாந்து படுத்துப் பின்னங்காலால் உதைத்தது. கள்ளுக் குடித்தவன் விளக்குக் கம்பத்தோடு சல்லாபிப்பது போல் இருந்தது. மேல்நாட்டில் இதற்கென்றே ஒரு செடியை உலர்த்திப் பொம்மைக்குள் அடைத்து விற்கிறார்கள். நம் சித்த வைத்தியர்களோ குப்பைமேனிக்குப் பூனைவணங்கி, மார்ச்சாலமோகினி என்றெல்லாம் பெயர் சூட்டி எப்போதோ விஷயத்தை முடித்துவிட்டார்கள். மார்ச்சாலம் என்றால் பூனை. இலையைப் பூனை சீந்தாது, வேர்தான் மயக்குகிறது. இதைப் பார்த்தவர் யாரோ ஒருவர் பார்த்தபடியே பெயராக வைத்திருக்கிறார், தன் பொழிப்புரை எதையும் சேர்க்கவில்லை. நான் செய்யத் தவறியது அதுதான்.

குடம்

கவளைக்கு எத்தனையோ பழக்கங்கள். வெட்டி வைத்த துணி எதுவோ அதன்மேல்தான் படுக்கும், பக்கத்திலேயே மெத்தை இருந்தாலும். அட்டைப்பெட்டியைக் கண்டால் விடாது. இவற்றையெல்லாம் சகித்துக்கொண்ட அம்மாவால் தாங்க முடியாதது ஒன்று உண்டு. குடத்துத் தண்ணீரில் காலை விடுவது. அதற்கென்று மீன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அதைத் தொடாது. விடியற்காலையில் அடிபம்பில் அடித்து வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்களில், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பச்சைக் குடத்தின் விளிம்பில் ஏறி நிற்கும். வலது முன்னங்காலை உள்ளே விட்டு ஒரு தட்டுத் தட்டும், வெளியே எடுக்கும், நக்கும். மறுபடி விடும். இப்படியே பத்து நிமிடம். நடுவில் தலையைத் திருப்பி நம்மையும் ஒரு பார்வை பார்க்கும். கொழுப்பு என்பது எங்கள் பொழிப்புரை.

பிறகு தெரிந்துகொண்டவை வேறு. ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அசையாத தண்ணீரின் மேல்மட்டம் எங்கே என்று காலால் தட்டிப் பார்ப்பது அதற்கு ஒரு வழி. தின்னும் இடத்தை ஒட்டி இருக்கும் தண்ணீரைப் பல பூனைகள் விரும்புவதில்லை என்றும் பூனைகளோடு பழகியவர்கள் சொல்கிறார்கள். வீட்டுப்பூனை, மேற்காசியப் பாலைப்பகுதிக் காட்டுப்பூனையின் வழிவந்தது. தண்ணீரை இரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டு, சிறுநீரைச் சுண்டக் காய்ச்சிச் சிக்கனமாக வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு. தாகம் எடுத்து ஓடிப்போய்க் குடிக்கும் சுபாவம் குறைவு. அது ஒரு குடத்தைத் தானாகத் தேடிப்போய்க் குடிக்கிறது என்றால் நாங்கள் கும்பிட்டிருக்க வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரல் 15இல் வழக்கம்போல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் காசிமேட்டில் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கும். கரையோரம் போய்வரும் ஃபைபர் படகுகளில் கிடைப்பது கொஞ்சம். அதையும் விலை கேட்டால் தலை சுற்றும். மற்றதெல்லாம் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் பயணம் செய்து வருவது. அந்த மீனைப் போட்டால் கவளை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பரபரவென்று பிராண்டும், மண்ணைத் தள்ளி மூடுவது போல. தின்னாததை மூடி மறைக்கும் காட்டுப் பழக்கம் அது. அம்மா அதைத் தன் சமையலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். நான் கடையிலிருந்து பூனைக்கான உலர்தீனி ஒரு பை வாங்கி வந்தேன். மொறுமொறுவென்று தின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர், உலர்தீனியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்ற கணக்கை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. பையின் பின்புறம் சின்ன எழுத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று அச்சிட்டிருந்தது. நான் துறைமுகச் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் ஆள், தம்புச் செட்டித் தெருவில் நாள் முழுக்கச் சின்ன எழுத்தைப் படித்தே சம்பாதிப்பவன். அதை மட்டும் படிக்கவில்லை.

அதே வாரம் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தார்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், குடங்களை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நியாயமான பேச்சு. அம்மா எல்லாக் குடங்களுக்கும் தட்டு வைத்து மூடினார். பச்சைக் குடத்தின் தட்டின்மேல் குழவிக்கல்லையும் தூக்கி வைத்தார். கவளை இரண்டு நாள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு விட்டுவிட்டது. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

சாயம்

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை, குளியலறை மூலையில் கவளை குந்தி உட்கார்ந்திருந்தது. எழுந்து இரண்டடி நடந்தது, மறுபடி குந்தியது. நான் வெளியே போய்விட்டு வந்து பார்த்தாலும் அதே மூலை, அதே கோலம். முகத்தில் ஒரு தீவிரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பேசியில் படம் பிடித்து, 'தத்துவ விசாரணை நடைபெறுகிறது, தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதி அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன். நாற்பது விநாடிப் படம். எல்லோரும் ரசித்தார்கள். அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் கவளை நான்கு முறை குந்தி எழுகிறது. தரை நனையவே இல்லை. நாற்பது விநாடியும் அந்தத் தரையைத்தான் நான் படம் பிடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். வெட்டி வைத்த வெள்ளை லைனிங் துணிமேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். நடுவில் வெளிறிய ரோஜா நிறம், ஓரத்தில் மஞ்சள் வளையம். பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டுப்பருத்தித் துணி இருந்தது. சாயம் போகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா முதலில் கடையைத் திட்டினார். பிறகு துணியை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "சாயம் இல்லையடா. குடத்தை மூடினேன் அல்லவா? அதற்குப் பழிவாங்குகிறது" என்றார். எதிர்வீட்டு ஆயாவும் சேர்ந்துகொண்டார். நாய் அந்த வீட்டில் பிள்ளைகள் பெருக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுமாம், ஆளுக்கு ஒரு கவளம் கிடைக்குமே என்று. பூனை வீட்டுக்காரியின் கண் அவிந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுமாம், திருட வசதியாக. அந்தக் கதையை அவர் சொல்லி முடிக்கும்வரை நானும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூனைக்கு மலச்சிக்கலாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு.

காலையில் கவளை பீரோவுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோ பிடித்தேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி என்றதும், "மாட்டாஸ்பத்திரிதானே?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டோக்கார அண்ணன் பேசின் பிரிட்ஜ் பக்கம் திருப்பினார். பாலம் ஏறும்போது குலுங்கியதில் கவளை கூடைக்குள் முனகியது. துண்டை அவிழ்த்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முகத்தை என் முழங்கை மடிப்புக்குள் புதைத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. தாழ்வாக, சீராக, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அறுபடாமல். என் வயிற்றிலேயே அந்த அதிர்வு தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, "பயப்படாதே, மிஷின் ஓடுகிறது" என்றேன். புளியந்தோப்பு தாண்டும்வரை நான் ரொம்ப நிம்மதியாக இருந்தேன்.

மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் கவளையின் அடிவயிற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். என் விரலையும் எடுத்து அங்கே வைத்தார். தோலுக்குக் கீழே கெட்டியாக, ஒரு எலுமிச்சம்பழம். சிறுநீர்ப்பை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகல். மணல் போன்ற துகளோ சளி போன்ற கசடோ அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுகூட இறங்காது. கழிவு ரத்தத்தில் ஏறி இதயத்தைப் பாதித்து ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும் என்று, மயக்க ஊசிக்கு மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார். "சத்தம் போடுகிறதே, டாக்டர். சந்தோஷமாக இருந்தால்தானே..." என்று நான் இழுத்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "வலியிலும் போடும். சாகும்போதுகூடப் போடுவது உண்டு" என்றார். மேசைமேல் மிஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஊசி போட்ட பிறகு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

மூன்று நாள் குழாய் வைத்து இறக்கினார்கள். கவளை பிழைத்துக்கொண்டது. தண்ணீர் குறைந்ததும் உலர்தீனியும்தான் காரணமா என்று கேட்டேன். இதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, வீட்டில் ஏற்படும் மாற்றங்களால் வரும் பதற்றமும் சேரலாம், ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். எப்படிக் குடிக்கும் என்று என்னையே கேட்டார். நான் பச்சைக் குடத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அதை ஏன் மூடினீர்கள்?"

பழிவாங்குகிறது என்று அம்மா சொன்னதை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தேன். குடத்துக்கும் துணியில் விழுந்த அந்த ஈரத்துக்கும் முடிச்சுப் போட்டவர் வீட்டிலேயே அவர் ஒருவர்தான்.

அந்தச் சத்தம் மட்டும் தீரவில்லை. வலியில் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளத்தான் பூனை அப்படிச் செய்கிறது என்கிறார்கள் சிலர். அந்த அதிர்வு எலும்பையே ஆற்றும் என்பாரும் உண்டு, அது இன்னும் ஊகம்தான். 2023இல் வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட வீட்டுப்பூனைகளின் குரல்வளைகளை எடுத்து வைத்து, வெதுவெதுப்பான ஈரக்காற்றை அவற்றின் வழியே செலுத்திப் பார்த்தார்கள். மூளை இல்லை, நரம்பின் கட்டளை இல்லை, இழுத்துச் சுருக்கத் தசையின் வேலையும் இல்லை. ஆனால் விநாடிக்கு 25, 30 அதிர்வில் அதே 'குர்ர்ர்' வந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியென்றால் ஆட்டோவில் நான் கேட்டது வெறும் காற்றா? உயிருள்ள பூனைக்கும் இவ்வளவுதானா என்று அந்தத் துறைக்காரர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேறு கேள்வி. சத்தம் எப்படி வந்தாலும் வரட்டும், முகத்தை என் முழங்கை மடிப்புக்குள் கொண்டுவந்து வைத்தது எது?

இப்போதெல்லாம் கவளை மடியில் ஏறி மிஷினை ஓட்டினால் நான் முன்போல் மயங்குவதில்லை. காலையில் தின்றதா, மண்தொட்டியில் எத்தனை கட்டி இருந்தது என்று மனம் கணக்குப் பார்க்கிறது. தடவிக்கொண்டே அடிவயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கிறேன். அதற்கு அது பிடிப்பதில்லை, வாலை ஒரு அடி அடித்துவிட்டு அம்மாவின் மேசைக்குப் போய்விடுகிறது. அங்கே அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு, கத்தரியைக் கையில் பிடித்தபடி, தலையைச் சாய்த்து அது ஓடுகிறதா என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தையலைத் தொடர்வார். அவருக்கு அதன் பொருள் பழைய பொருள்தான்.

உலர்தீனியைத் தடைக்காலத்தில் மட்டும், தண்ணீரில் ஊறவைத்துப் போடுகிறோம். பச்சைக் குடம் ஜன்னலுக்குக் கீழே திறந்தே இருக்கிறது. தினமும் காலையில் அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து வைப்பது அம்மாவின் முதல் வேலை. போன மாதம் கொசு ஒழிப்புக்காக வந்த புதுப் பெண் கையில் டார்ச்சோடு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் மூடியிருக்க இதை மட்டும் ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அது கவலைக்கு வைத்த குடம் அம்மா" என்றார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அம்மாவையே பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.